களைமீன்களின் சேது

சென்ற கோடையில் நாங்கள் நால்வர் இராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில், இராஜசிங்கமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிற்க நேர்ந்தது. நின்றதற்கு மீன் காரணமன்று. வண்டிச் சக்கரத்தில் ஏறிய ஆணிதான் காரணம். பழுது பார்த்து முடியும்வரை நிழல் தேடி நடந்தபோது, ஊத்தாவும் பறியும் வலையுமாக ஊர் முழுவதும் கண்மாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்று அங்கே மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். கணுக்காலளவு தண்ணீரும் முழங்காலளவு சேறுமாகக் கிடந்த கண்மாய்க்குள் சில நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினர். ஒரு மணி நேரத்தில் நீர் கலங்கிச் சாம்பல் நிறமாயிற்று. கரையில் ஆங்காங்கே குவியலாக மீன்.

எங்களுள் ஒருவருக்குப் பெயர்களின்மேல் ஒரு பித்து உண்டு. எங்கு போனாலும் குறிப்பேட்டுடன் போவார். கரையில் அமர்ந்து பேரனின் பறியைக் காவல் காத்துக்கொண்டிருந்த முதியவரிடம் அவர் ஒவ்வொரு மீனாகக் காட்டிப் பெயர் கேட்கத் தொடங்கினார். விரால், குறவை, கெளுத்தி, தேளி, உளுவை, ஆரால், அயிரை, பனையேறி. கெண்டையில் மட்டும் மூன்று வகை. பதினொரு பெயர்கள். இவை தவிரக் கட்லாவும் ரோகுவும் இருந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாக ஜிலேபி இருந்தது.

அருகில் நின்றவர் கண்மாயின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். எங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அதெல்லாம் களைமீன் சார். நாங்க விட்டது கட்லாவும் ரோகுவும்தான்" என்றார். முதியவர் அவரை மறுக்கவில்லை. சற்று நேரம் கழித்து எங்களிடம் மட்டும் சொன்னார்: "அதை யாரும் விடலை தம்பி. அதுவா வந்தது. கலுங்கு பாயயில எதிரேறி வரும்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொற்றொடரைப் பற்றியது. அதுவாக வந்தது என்றால், எங்கிருந்து வந்தது?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்கு அறிவியல் புதிதன்று. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கப்பெற்று, 1949-இல் மண்டபத்துக்கு வந்து, கொச்சிக்குப் பெயரும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமையகத்தை இங்கேயே கொண்டிருந்தது. அதன் மண்டல நிலையம் இன்றும் இங்கு இயங்குகிறது. கடற்பாசி ஆய்வுக்கென மண்டபத்தில் ஒரு நிலையம் உண்டு. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை உண்டு. மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவாகவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் உயிரின வகைகள் மூவாயிரத்து அறுநூறு என எண்ணிச் சொல்ல ஆளிருக்கிறது. பவளப்பாறைகளையும் கடற்பசுவையும் கடலட்டையையும் தனித்தனியே ஆய்ந்து பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இதில் எங்களுக்குக் குறையொன்றுமில்லை, பெருமையே. ஆனால் இத்தனை அறிஞர்களும் இந்நிலத்தில் வந்து நின்றபோது முகம் கடலை நோக்கியும் முதுகு கண்மாயை நோக்கியுமே இருந்தது. தண்ணீரில்லாத காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் நன்னீர் மீனைத் தேடுவானேன் என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இலக்கியத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. கடலையும் கடல் மீனையும் அறிய வேண்டுமானால் ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு இருக்கிறது. கண்மாயை அறிய சோ. தர்மனின் சூல் இருக்கிறது. 2019-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தபோது, ஒரு கண்மாய் கதைத்தலைவனாக முடியும் என்பதைப் பலர் முதன்முறையாக ஒப்புக்கொண்டனர். கண்மாய்க்குள் வாழும் மீன் இன்னும் தன் நூலுக்காகக் காத்திருக்கிறது. அயிரையும் ஆரலும் வாளையும் கெண்டையும் கெடிறும் வராலும் சங்கப் பாடல்களில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட உயிர்கள் என்பதை எண்ணும்போது இது சற்று விந்தையாகவே படுகிறது. பாண்டியர் கொடியில் ஏறிய கயல் இன்ன மீன்தான் என்று இலக்கியத்தார் ஒருவரைச் சுட்டிக்காட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

உலகில் அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறத்தாழ பாதி, அதாவது 18,000-க்கு மேற்பட்டவை, நன்னீரில் வாழ்பவை. பூமியின் மொத்த நீரில் ஆறும் ஏரியும் குளமும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை சிறிய நீரில் இத்தனை வகை எப்படிப் பிறந்தது என்பதற்கான விடையில் பெரும்பகுதி 'சிறை' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. கடல் மீனுக்குக் கடல் ஒரே வீதி. நன்னீர் மீனுக்குத் தன் ஆறே உலகம். அடுத்த ஆற்றுக்கு இடையில் மேடும் காடும் நிற்கின்றன, முகத்துவாரத்தில் உப்பு நிற்கிறது. அமெரிக்க மீனியலாளர் ஜார்ஜ் மையர்ஸ் 1938-இல் நன்னீர் மீன்களை உப்பு தாங்காதவை, ஓரளவு தாங்குபவை எனப் பிரித்தார். கெண்டைக் குடும்பம் முதல் வகை. கடல் அதற்குச் சுவர். ஆகவேதான் ஒரு கெண்டை இரண்டு நிலங்களில் காணப்பட்டால், அவ்விரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்று நிலவியலாளரே காது கொடுத்துக் கேட்கிறார்கள். கல்வெட்டைப் போல, மீனும் ஓர் ஆவணம்.

இப்போது தனுஷ்கோடி முனையில் நின்று பார்ப்போம். எதிரே தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையில் சேதுவின் மணல் திட்டுகள். வடக்கே விரியும் பாக் கடற்பகுதியின் பெரும்பரப்பு பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இங்கே கடல் இல்லை. மேடு பள்ளமான சமவெளி இருந்தது. கடலில் கலக்காத ஆறு எனப் புலவர் வேடிக்கை செய்த வைகை, அக்காலத்தில் அச்சமவெளியில் இன்னும் நெடுந்தூரம் ஓடியிருக்க வேண்டும். பனியுகங்கள் பல வந்து போயின. சேது பலமுறை தரையாகிப் பலமுறை மூழ்கியது.

அப்படியானால் இலங்கையின் மீனும் தென்னிந்திய மீனும் ஒன்றாகவே இருக்க வேண்டுமல்லவா? நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். ஃபிராங்கி பொசூட் தலைமையில், மாதவ மீகஸ்கும்புர, ரோஹன் பெத்தியகொட முதலிய இலங்கை ஆய்வாளர்களும் இணைந்து 2004-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. தவளை, குருட்டுப் புழுவை ஒத்த சிசிலியன், மண்ணுள் வாழும் பாம்பு, நன்னீர் நண்டு, இறால், கெண்டை வகை மீன் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, தரைப்பாலம் இருந்த காலத்திலும் அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்து மிகக் குறைவாகவே நடந்திருப்பது தெரிந்தது. இலங்கையின் ஈரக் காட்டு உயிர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உறவினர்களைப் பிரிந்து பல இலட்சம் ஆண்டுகளாகத் தனியே வளர்ந்திருந்தன. பாலம் இருந்தது, கடப்பவர் இல்லை. ஏன்? இரு ஈரக் காடுகளுக்கும் இடையே வறண்ட சமவெளி கிடந்தது. அந்தச் சமவெளியின் இந்தியப் பகுதிக்கு இன்றைய பெயர் இராமநாதபுரம்; வடக்கே புதுக்கோட்டையும் தஞ்சைக் கரையும் சேரும்.

ஆனால் எல்லாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. அயிரையைப் பாருங்கள். மதுரையில் குழம்புக்கு உயிருடன் விலைபேசி வாங்கும் அதே அயிரைக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். தெர்மாலிஸ் என்றால் வெந்நீரைச் சேர்ந்தது. ஏனெனில், 1846-இல் பாரிஸில் வலான்சியென் அதற்குப் பெயரிட்டபோது அவர் முன்னிருந்த மீன், திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுகளில் பிடித்தது. மதுரைச் சட்டியில் கிடக்கும் மீனுக்குத் திருகோணமலைப் பெயர். இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளில் இதன் உறவினன் ஒருவன் இருக்கிறான், ஜொன்க்லாசி என்பது இனப்பெயர். அவனை இக்கரையில் காண முடியாது. நிழலும் குளிர்ந்த நீரும் வேண்டும் உறவினன் தன் காட்டோடு நின்றுவிட்டான். வெயிலும் சேறும் தாங்கும் அயிரை இரு கரையிலும் இருக்கிறது. இலங்கை ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் செய்துவரும் மரபணு ஒப்பீடுகளும், சமவெளி மீன்கள் சில பனியுகக் காலத்திலும் வந்து போயிருப்பதையே காட்டுகின்றன.

இங்கேதான் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். விரால், குறவை, பனையேறி, தேளி ஆகிய நான்கும் செவுளை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. நீர்மேல் வாயை நீட்டிக் காற்றையும் சுவாசிப்பவை. ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டர் அளவில், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பெய்யும் மழையை நம்பி, பாதி ஆண்டு வற்றிக் கிடக்கும் நீர்நிலையில் வாழ வேறு வழியில்லை. வற்றும் கண்மாயில் பிழைப்பதற்கான தகுதியும் பனியுகச் சேதுவைக் கடப்பதற்கான தகுதியும் ஒன்றுதான். இராமநாதபுரத்துக் கண்மாய் நடத்துவது அதே பழைய தேர்வை. ஆகவே சேதுவைக் கடந்தது எது, கடக்காதது எது என்று அறிய விரும்புபவர் பார்க்க வேண்டிய முதல் இடம் மழைக்காடு அன்று; இந்தச் சேறு. இக்கண்மாய்களின் மீன்களைக் கண்மாய் கண்மாயாகக் கணக்கெடுத்து, மன்னாரிலும் வவுனியாவிலும் உள்ள குளத்து மீன்களோடு ஒப்பிடும் வேலை, வெறும் உள்ளூர்ப் புள்ளிவிவரம் ஆகாது. அது இரு நாட்டின் இயற்கை வரலாற்றில் காணாமற்போன ஓர் அத்தியாயம்.

பனையேறியின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் படையில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் அதிகாரி, 1791 நவம்பரில் ஒரு குளக்கரைப் பனையில் இம்மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் கண்டதாக எழுதினார். இலண்டன் லின்னேயன் கழகம் 1797-இல் அதை வெளியிட்டது. பிற்காலத்தார் நம்பவில்லை, காக்கையோ பருந்தோ கவ்விச் சென்று பனையிடுக்கில் வைத்ததாயிருக்கும் என்றனர். தரையில் செவுள்மூடியின் முட்களை ஊன்றி அது நகர்ந்து போவதை மறுப்பவர் எவருமில்லை. அதே தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்னும் பாதிரியார் அனுப்பிய மீன்களைக் கொண்டுதான் பெர்லின் மருத்துவர் பிளாக் பல தென்னிந்திய மீன்களை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஆக, நம் மீன்களின் நவீன வரலாறு நம் கடற்கரையில்தான் தொடங்கியது; பிறகு பெர்லினுக்கும் பாரிஸுக்கும் போய்விட்டது.

பெயரிடுவதில் ஒரு நியாயம் பிற்காலத்தில் நடந்தது. கெண்டைகளில் பலவற்றை ஒரே பேரினத்தில் அடைத்திருந்ததை 2012-இல் பெத்தியகொடவும் நண்பர்களும் பிரித்தனர். ஒன்றுக்கு ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயர். சிறு மீன்களுக்கான சிங்களச் சொல் மற்றொன்றுக்கு. தென்னிந்தியச் சிறு கெண்டைகள் சிலவற்றுக்கு முதலில் திராவிடியா என்றே பெயரிட்டார்கள். அப்பெயர் ஏற்கெனவே வேறோர் உயிருக்கு வைக்கப்பட்டிருந்ததால் அடுத்த ஆண்டே மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றுப் பெயர் ஹலுதாரியா. கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் ஹாமில்டன் வெளியிட்ட பெரும் நூலுக்குப் படம் வரைந்தவராகக் கருதப்படும் வங்க இளைஞர் ஹலுதாரின் நினைவாக. இருநூறு ஆண்டுகளாகப் பெயரற்றிருந்த ஓவியனுக்கு ஒரு மீன் பெயர் தந்தது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் விஞ்ஞானப் பெயர் தந்ததும் அந்த 1822-ஆம் ஆண்டு நூலே. அவை கங்கைச் சமவெளியின் மீன்கள், நம் கண்மாய்க்கு விருந்தாளிகள்.

இன்னொரு விருந்தாளியின் கதையைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. ஜிலேபிக் கெண்டை என்று நாம் செல்லமாக அழைக்கும் திலாப்பியா மொசாம்பிக்கில் பிறந்தது. மீன் திலாப்பியா நாக்கில் புரண்டு சிலேபியாகி, இனிப்புக் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1930-களின் இறுதியில் எப்படியோ ஜாவாவில் தோன்றி, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியது. 1952 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்குள் முதன்முதலாக வந்திறங்கிய இடம் மண்டபம். ஆம், நம் கடல்மீன் நிறுவனத்தின் குளங்கள். அடுத்து சென்னை மீன்துறை இலங்கையிலிருந்தும் வரவழைத்தது. சேதுவைக் கடக்க அயிரைக்குப் பனியுகம் வேண்டியிருந்தது. திலாப்பியாவுக்கு ஒரு கோப்பில் கையொப்பம் போதுமானதாயிருந்தது.

கொண்டுவந்தவர்களைப் பழிப்பது எளிது. நாங்கள் அதைச் செய்யப்போவதில்லை. வங்கப் பஞ்சம் நிகழ்ந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. உப்பையும் தாங்கும், அழுக்கையும் தாங்கும், எதையும் தின்னும், ஏழைக்கு மலிவாகப் புரதம் தரும் மீன் என்று அவர்கள் கண்டது பொய்யன்று. அவர்கள் காணத் தவறியது அதன் தாய்மையை. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் தப்பிப் பிழைக்கின்றன. சில மாதத்துக் குட்டியே மறுபடி முட்டையிடுகிறது. விளைவு, குளம் நிறைய விரல் நீள மீன். வைகை அணை உட்படத் தமிழகத்து நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அது குடியேறியது. 1959-இலேயே மத்திய மீன்வள ஆய்வுக் குழு இனி இதைப் பரப்ப வேண்டாம் என்றது. மீன் அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இன்று இடம்பெற்றிருக்கிறது. இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு: தன் தாயகமான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் அதே மீன், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தன் இனத்தூய்மையை இழந்து, அழியும் நிலைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. அயலூரில் படையெடுத்தவன் சொந்த ஊரில் அகதி.

திலாப்பியா வந்த ஆண்டுகளில் எழுபது கடந்துவிட்டன. அது வருமுன் இக்கண்மாய்களில் எந்தெந்த மீன் எவ்வளவு இருந்தது என்று ஒருவர் கணக்கெடுத்து வைத்திருந்தால், அதனால் என்ன இழந்தோம் என்று இன்று சொல்லலாம். அக்கணக்கு எடுக்கப்படாததால் இழப்பை நிரூபிக்க முடியவில்லை; நிரூபிக்க முடியாததால் இழப்பே இல்லை என்று கோப்புகள் முடிவு செய்கின்றன. இந்த வருத்தத்தைத் தணிக்கக்கூடிய ஒருவர் இருந்தார் என்பது கூடுதல் வருத்தம். ஈ. ஜி. சைலஸ், தீபகற்ப இந்தியாவின் சில மீன்கள் மலாயா மீன்களை ஒத்திருப்பதன் புதிரை விளக்க சுந்தர்லால் ஹோரா முன்வைத்த சாத்பூராக் கோட்பாட்டை 1952-இல் விரிவாக ஆராய்ந்தவர். தாமிரபரணியின் பெயரை ஒரு கெண்டைக்கு 1954-இல் சூட்டியவர். இலங்கையின் நன்னீர் மீன்கள் தனித்தனி இனங்களாகப் பிரிந்த விதத்தையும் அப்பத்தாண்டிலேயே எழுதியவர். அவரே பின்னாளில் கடல்மீன் நிறுவனத்தின் இயக்குநரானார். ஆற்றிலிருந்து கடலுக்குப் போன அறிஞர். கடல் அவரால் பயனடைந்தது. கண்மாய்க்கு அவருக்குப் பின் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

களைமீன் என்ற சொல்லுக்கு வருவோம். அது குத்தகைக்காரரின் கண்டுபிடிப்பன்று. மீன்வளர்ப்புக் கையேடுகளின் சொல். வளர்ப்பு மீன் குஞ்சுகளை விடுமுன் குளத்திலுள்ள களைமீன்களையும் கொன்றுண்ணிகளையும் நீக்க வேண்டும் என்றும், அதற்கு இலுப்பைப் பிண்ணாக்கு நல்லது என்றும் அவை சொல்கின்றன. சிறு கெண்டைகள் களை. விரால் கொன்றுண்ணி. அதாவது சங்கப் புலவர் பெயர் சொல்லிப் பாடியவர்களில் பாதிப்பேர் களை, மீதிப்பேர் கொலைகாரர். வயலில் களை என்பது நாம் விதைக்காததெல்லாம். பண்ணைக் குளத்துக்கு அச்சொல் பொருந்தலாம். அங்கே விதைப்பவரே உரிமையாளர். பல நூற்றாண்டுகளாக ஒன்றன் மறுகால் அடுத்ததன் வரத்தாகக் கோத்த மணிமாலைபோல் கிடக்கும் கண்மாய்ச் சங்கிலிக்கு அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு போவது தவறு. குத்தகைக்காரர் மூன்றாண்டுக்கு வருகிறார். அவருக்கும் கடனுண்டு, குடும்பமுண்டு. அவரிடம் கோபித்துப் பயனில்லை. ஏல நிபந்தனை எழுதும் அலுவலகத்தில் கண்மாயின் சொந்த மீன்களுக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. கரைகளையும் உள்வாயையும் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை அகற்ற நீதிமன்றம்வரை போன நாம், நீருக்குள் நடக்கும் அதே கதையைக் காணவில்லை. நீருக்கு மேலே தெரிவதுதான் கண்ணில் படுகிறது.

மேலே தெரிவதற்குப் பறவைகளைவிடச் சிறந்த சான்றில்லை. இம்மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சி. அவையெல்லாம் கண்மாய்கள், பறவைக்காகச் சரணாலயமானவை. நாங்கள் பார்த்த அறிவிப்புப் பலகையில் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் கரண்டிவாயனும் வண்ணத்தில் இருந்தன. அவை அங்கே வந்து தின்பது என்ன என்று அப்பலகையில் ஒரு சொல் இல்லை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று இராஜசிங்கமங்கலத்தைச் சொன்னவன் நாரையைக் கொண்டு கண்மாயை அளந்தான். மீனைக் கொண்டு நாரையை அளக்க இன்னும் யாரும் முனையவில்லை.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது. 1895-இல் முல்லைப் பெரியாற்று நீர் குகை வழியே வைகைக்குத் திரும்பியபோது, மேற்கே பாயும் ஆற்றையும் கிழக்கே பாயும் ஆற்றையும் காலங்காலமாகப் பிரித்திருந்த மலை துளைக்கப்பட்டது. அந்த நீர் ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீர் தனியாகப் போவதில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடல் மீன்கள் மத்தியதரைக் கடலில் குடியேறியதை உலகம் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறது. காவிரியின் வெள்ள நீரைக் கரூர் மாயனூரிலிருந்து வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டுவரும் 262 கிலோமீட்டர் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தாகத்தில் கிடக்கும் இந்த மண்ணுக்கு அந்த நீர் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். வந்தால் காவிரியின் மீன்களும் வரும். காவிரியில் குடியேறிய அயல் மீன்களும் வரும். பிறகு எது வைகையது, எது காவிரியது, எது சேதுவைக் கடந்து மீண்டது என்று எந்த மரபணு நிபுணரும் எளிதில் பிரித்துச் சொல்ல இயலாது. 1952-இல் செய்யத் தவறிய கணக்கெடுப்பைச் செய்வதற்குக் கால்வாய் வந்து சேரும்வரைதான் காலம் இருக்கிறது.

இதற்குப் பெரிய நிறுவனமோ பெரும்பணமோ தேவைப்படும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஊர் ஊராக நடக்கும் மீன்பிடித் திருவிழா, கண்மாயின் மீன்கள் ஏறக்குறைய மொத்தமாகக் கரைக்கு வரும் நாள். உலகில் எந்த ஆய்வாளருக்கும் நானூறு உதவியாளர் இலவசமாகக் கிடைப்பதில்லை. இங்கே ஊரே வலையோடு வருகிறது. அன்று மாலைக்குள் எல்லாம் குழம்பாகிவிடுகிறது, அவ்வளவுதான் குறை. இராமநாதபுரத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர் இருவர், ஓர் அளவுகோல், ஒரு படக்கருவி, சாராயத்தில் இட்டுவைக்கச் சில புட்டிகள், மரபணுவுக்காகத் துடுப்பின் சிறு துணுக்கு. பத்தாண்டு தொடர்ந்தால் போதும். மண்டபத்திலுள்ள பெரிய நிறுவனங்கள் ஆய்வகக் கதவைச் சற்றுத் திறந்துவைத்தால் இன்னும் நல்லது. தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் உடன் செல்லட்டும்; மீனைப் பற்றி அந்த முதியவர் சொன்னதில் பாதி, அகராதியில் இல்லாத சொல்.

எங்கள் குறிப்பேட்டின் பதினொரு பெயர்களில் எட்டுக்கு விஞ்ஞானப் பெயரை ஓரளவு துணிந்து எழுதிவிட்டோம். கெண்டைகள் மூன்றும் அப்படியே நிற்கின்றன. முதியவர் அவற்றைக் கையில் எடுக்காமலே, பறிக்குள் புரளும்போதே பிரித்துச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, "வால் ஆட்டுறதுல தெரியும்ல" என்றார். எங்களிடம் இருப்பவையோ செத்த மீனின் நான்கு மங்கலான புகைப்படங்கள். நூல்களைப் புரட்டியும் முடிவுக்கு வர முடியவில்லை. அவரது கைப்பேசி எண் எங்களிடம் இருக்கிறது. இவ்வாண்டு மழை ஏமாற்றாமல் கண்மாய் பெருகினால், பங்குனிக்கு மேல் நாள் குறித்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விலங்கியல் படித்த வாசகர் எவரேனும் உடன்வர விரும்பினால் எழுதவும். வண்டியில் ஓர் இடம் இருக்கிறது.